கரி மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பழைய பேட்டரியை உருக்கும் சுழல் உலையிலேயே ஈயத் தாதுவையும் உருக்கலாம், கரியைக் கொஞ்சம் கூட்டினால் போதும் என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை நம்பி யாரும் உலையைப் பற்றவைக்க வேண்டாம்.

பேட்டரித் தகட்டில் இருக்கும் பசையில் ஈயம் ஆக்சைடாகவும் சல்பேட்டாகவும் இருக்கிறது. அதிலுள்ள ஆக்சிஜனைக் கரி எடுத்துக்கொள்ளும். சுரங்கத்திலிருந்து செறிவூட்டி வரும் தாதுவோ பெரும்பாலும் கலீனா, அதாவது ஈய சல்பைடு. அதில் ஆக்சிஜனே இல்லை. ஈயத்தைப் பிடித்துவைத்திருப்பது கந்தகம். கரிக்கு அங்கே வேலையில்லை. கந்தகத்தை இழுக்க இரும்பு வேண்டும். லேத் பட்டறை இரும்புச் சுருளையும் சோடா சாம்பலையும் (சோடியம் கார்பனேட்) சேர்த்துப் போடுவது அதற்குத்தான்.

ஈயம் 60 சதவீதம் உள்ள ஒரு டன் தாதுவை எடுத்துக்கொள்வோம். கலீனாவில் மட்டும் ஏறத்தாழ 93 கிலோ கந்தகம் இருக்கும். அதைக் கட்டிப்போட ஏட்டுக் கணக்கில் 162 கிலோ இரும்பு தேவை. நடைமுறையில் இன்னும் கூடும். இரும்புக்குக் காசு செலவழிக்க மனமில்லாமல் காற்றை ஊதி எரித்தாலும் ஈயம் இறங்கும்தான். ஆனால் அந்தக் கந்தகம் முழுவதும் எரிந்தால் 186 கிலோ கந்தக டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே ஊருக்குள் போகும். கட்டுரையாளர் மெச்சும் துணிப்பை வடிகட்டி தூசியைத்தான் பிடிக்கும், வாயுவை அல்ல. ராஜஸ்தானின் தரிபா போன்ற பெரிய ஆலைகளில் இந்த வாயுவைக் கந்தக அமிலமாக்கி விற்கிறார்கள். ஒரு தடவை நிரப்பி, உருக்கி, இறக்கும் சிறு உலையில் வாயு ஒரே சீராக வராது. அதை நம்பி அமில ஆலை வைக்க முடியாது.

சரி, இரும்பையே போட்டோம் என்றால் கந்தகம் எங்கே போனது? கசடுக்குள், அதாவது ஈயத்தை இறக்கிய பின் உலையில் மிஞ்சும் கழிவுக்குள். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. சோடா கலந்த இந்தக் கசடு ஈரம் பட்டால் உதிரும், அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும், மிச்சமிருக்கும் ஈயமும் மழைநீரோடு போகும். கொட்டகைக்கு வெளியே குவித்தால் பக்கத்துக் கிணறுகளின் கதி என்ன? (தொழிலாளர் சட்டையில் ஒட்டி வீட்டுக்குப் போகும் ஈயத் தூசி தனிக் கதை.)

இதன் தொடர்ச்சியாக இன்னொரு கட்டுரை வருமென்றால், ஒரு டன் ஈயத்துக்கு எவ்வளவு கசடு விழுகிறது, அதை யார், எங்கே கொட்டுகிறார்கள் என்று உலை நடத்துபவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

– உலோகவியல் விரிவுரையாளர் (ஓய்வு), சேலம்