முதலில் காசு, பிறகு பங்கு: வன்னியின் தொழில்நுட்பக் கம்பனிப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர்களே, வணக்கம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் பத்து, பதினைந்து, இருபது பேரோடு இயங்கும் மென்பொருள் கம்பனிகளுக்கும் கருவி செய்யும் கம்பனிகளுக்கும் இதை எழுதுகிறோம். வெளியிலிருந்து முதலீட்டாளர் ஒருவர் பேச வந்தால் அவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். சிங்கப்பூரிலோ கனடாவிலோ கொழும்பிலோ ஒரு தாய்க் கம்பனியைப் பதியுங்கள். இங்குள்ள பங்குதாரர் எல்லாரும் தங்கள் பங்கை அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு அதன் பங்கை வாங்கிக்கொள்ளட்டும். எல்லாம் முடிந்த பிறகு முதலீடு வரும் என்கிறார்கள். இந்த வரிசையை ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல். பங்கு கைமாறுவதும் காசு கம்பனியின் கணக்கில் விழுவதும் ஒரே நாளில் நடக்கவேண்டும்.

தாய்க் கம்பனி அமைப்பது தவறென்று நாங்கள் சொல்லவில்லை. சில முதலீட்டு நிதியங்கள் தமக்குப் பழக்கமான சட்டத்தின் கீழுள்ள கம்பனியில் மட்டுமே பணம் போடும். நியாயமான காரணம்தான். ஆனால் பரிமாற்றம் நடந்த அன்று அந்தத் தாய்க் கம்பனியிடம் என்ன இருக்கும் என்று பாருங்கள். அதன் ஒரேயொரு சொத்து நீங்கள் கொடுத்த பங்குதான். வருவதாகச் சொன்ன முதலீட்டின் பேரில் வேறொருவருக்கு அங்கே முன்கூட்டியே பங்கு ஒதுக்கப்பட்டிருந்தால், இங்குள்ளவர்கள் தங்கள் உழைப்பைக் கொடுத்து ஒரு வாக்குறுதியை வாங்கியிருக்கிறார்கள் என்றே பொருள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கம்பனியில் 10,000 பங்கு. தொடங்கிய இருவரிடம் 7,000, ஊழியர் ஐவரிடம் ஆளுக்கு 400 வீதம் 2,000, ஆரம்பத்தில் கைகொடுத்த ஊரவர்களிடம் 1,000. ஒரு பங்குக்கு நூறு என்று பரிமாறினால் தாய்க் கம்பனியில் பத்து இலட்சம் பங்கு வரும், விகிதம் மாறாது. 400 பங்கு வைத்திருந்த ஊழியர் 40,000 என்ற எண்ணைக் கண்டு மகிழ்ந்துபோவார், ஆனால் அதுவும் பழைய 4 சதவீதம்தான். முதலீட்டாளர் 3 கோடி ரூபாவுக்கு 25 சதவீதம் எடுக்கிறார், வருங்கால ஊழியருக்கென 10 சதவீதம் ஒதுக்கப்படுகிறது என்றால், பழையவர்கள் எல்லாருக்கும் மிஞ்சுவது 65. ஊழியரின் 4 சதவீதம் 2.6 ஆகும். அடுத்த சுற்றில் வருபவர் 20 சதவீதம் எடுத்தால் 2.08. கம்பனியின் பெறுமதி உண்மையிலேயே உயர்ந்தால் இதில் நட்டமில்லை. இந்தக் கணக்கைக் கையொப்பத்துக்கு முன் எல்லாருக்கும் காட்டாமல் விடுவதுதான் பிழை. கடனாக வந்து பிறகு பங்காக மாறும் பத்திரங்கள், வாய்மொழியாகக் கொடுத்த பங்கு வாக்குறுதிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அட்டவணையில் எழுதுங்கள். வாய்மொழி வாக்குறுதிகள் மறந்துபோகும், கடைசி நாளில்தான் கிளம்பும்.

அதே 3 கோடி மூன்று தவணையாக வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கோடி வந்த கையோடு 25 சதவீதத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டால், மற்ற இரண்டும் வராதபோது 12 கோடி என்று மதித்த கம்பனியை 4 கோடிக்கு மதித்து விற்றதாக முடியும். ஆகவே தவணைக்குத் தவணை, வந்த காசுக்கு மட்டும் பங்கு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, பங்கு வழங்குமுன் அதற்குப் பெறும் பிரதிபலன், அதாவது விலை, கம்பனிக்கும் இருக்கும் பங்குதாரர் எல்லாருக்கும் நியாயமானது என்று பணிப்பாளர் சபை தீர்மானிக்கவேண்டும். வழங்கிய பிறகு 20 வேலைநாட்களுக்குள் கம்பனிகள் பதிவாளருக்கு அறிவிக்கவேண்டும். புதிய பங்கை முதலில் பழைய பங்குதாரருக்கு அவரவர் விகிதப்படி முன்வைக்கவேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 53ஆம் பிரிவு. கம்பனி தன்னை நடத்த வகுத்துக்கொண்ட அமைப்பு விதிகள் வேறுவிதமாகச் சொன்னால் மட்டும் விலக்கு. உங்கள் அமைப்பு விதிகள் என்ன சொல்கின்றன என்பதை எடுத்துப் பாருங்கள். பதிவு செய்தபோது யாரோ அனுப்பிய மாதிரிப் படிவத்தைத் திறந்தும் பார்க்காமல் வைத்திருக்கும் கம்பனிகள் நிறைய.

தாய்க் கம்பனி வெளிநாட்டில் இருந்தால் இன்னொன்றும் கைநழுவும். இலங்கைக் கம்பனியில் ஊழியர் இருவர் சேர்ந்தாலே 8 சதவீதம். சிறுபான்மைப் பங்குதாரரை நசுக்கும் நடத்தைக்கு எதிராக நீதிமன்றம் போகத் தேவையான 5 சதவீதத்தை இங்கே தாண்டிவிடுவார்கள். பரிமாற்றத்துக்குப் பிறகு அவர்கள் வெளிநாட்டுக் கம்பனியின் பங்குதாரர். இங்குள்ள கம்பனியின் பங்குப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது, முறைப்பாட்டுக்கும் அந்த நாட்டுச் சட்டத்தரணியைத்தான் தேடவேண்டும். புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மென்பொருளாளர் டொராண்டோவில் வழக்குப் போடுவாரா? மாட்டார். அது தெரிந்துதானே நீங்கள் கையொப்பம் கேட்கிறீர்கள்? ஆகையால் கணக்கறிக்கை பெறும் உரிமை, புதிய பங்கில் விகிதப்படி சேரும் உரிமை, பெரும்பான்மையினர் விற்கும்போது அதே விலைக்குத் தாமும் விற்கும் உரிமை ஆகிய மூன்றையும் பங்குதாரர் உடன்படிக்கையில் எழுதிக் கொடுங்கள். கொழும்பில் பதியும் தாய்க் கம்பனியே போதுமா என்று முதலீட்டாளரிடம் ஒருமுறை கேட்டும் பாருங்கள்.

நடைமுறையை இப்படி அமைக்கலாம். பரிமாற்றப் பத்திரங்களில் எல்லாரும் கையொப்பமிட்டுத் திகதி இடாமல் ஒரு சட்டத்தரணியின் பொறுப்பில் வைக்கட்டும். பணம் கணக்கில் சேர்ந்ததை வங்கி உறுதிசெய்த கடிதம் கிடைத்ததும் அவர் திகதியிட்டு விடுவிப்பார். கடைசி நாள் ஒன்றையும் உடன்படிக்கையில் குறியுங்கள்; 90 நாள் தாராளம். அதற்குள் காசு வராவிட்டால் பத்திரங்கள் உரியவர்களிடம் திரும்பும், யாருக்கும் யாரும் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை. கடைசி நாள் இல்லாத உடன்படிக்கைதான் ஆளைக் கொல்வது. "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்று இழுபட, வேறு முதலீட்டாளரோடு பேசவும் முடியாமல் கம்பனி கட்டுண்டு கிடக்கும். முதலீட்டாளர் வேறு எவரோடும் பேசக்கூடாதென்று நிபந்தனை போட்டால், அதற்கும் 45 நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

புலம்பெயர்ந்த உறவுகள் போடும் பணத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். லண்டனிலோ சூரிச்சிலோ உள்ள மச்சான் வங்கியைத் தவிர்த்து உண்டியல்காரர் மூலம் அனுப்பி, அது அம்மாவின் சேமிப்புக் கணக்குக்குப் போய், அங்கிருந்து கம்பனிக்கு வந்தால், அது முதலீடு என்று நிறுவ வழியில்லை. நாளை அவர் பங்கை விற்றால் அந்தப் பணத்தைச் சட்டப்படி வெளியே கொண்டுபோகவும் முடியாமல் நிற்பார். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் இதற்கென உள்முக முதலீட்டுக் கணக்கு உண்டு. முதலீட்டாளர் தன் பெயரில் அதை இலங்கையிலுள்ள வங்கியொன்றில் திறந்து, அதனூடாகவே பங்குக்குக் காசு கட்டவேண்டும். மறுபக்கமும் இருக்கிறது. இங்கே வசிக்கும் ஊழியர் வெளிநாட்டுக் கம்பனியின் பங்கைப் பெறுவது அவர் வெளிநாட்டில் செய்யும் முதலீடாகக் கணிக்கப்படும். மத்திய வங்கியின் அனுமதி வேண்டுமா என்பதற்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பங்கைப் பங்குக்கு மாற்றினாலும் பழைய பங்கைக் கைவிட்டதாகக் கொண்டு, கையில் ஒரு சதமும் வராமலே மூலதன இலாப வரி எழலாம். வரி ஆலோசகரின் கருத்தையும் எழுத்தில் பெறுங்கள். செலவு கம்பனியுடையது, ஊழியருடையதல்ல.

ஊழியரின் தொழில் உரிமை அடுத்தது. பங்குப் பரிமாற்றத்தில் தொழில் கொடுப்பவர் மாறுவதில்லை. பழைய கம்பனி அப்படியே இருக்கிறது, அதன் சொந்தக்காரர்தான் மாறுகிறார். ஆகவே புதிய நியமனக் கடிதம் தேவையில்லை. யாராவது நீட்டினால் ஏன் என்று கேளுங்கள். ஐந்து வருடச் சேவை முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடை என்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு அது பொருந்தும். வேலைநீக்கத்துக்குத் தொழில் ஆணையாளரின் அனுமதி கேட்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலும் எல்லை அதே 15தான். பதினெட்டுப் பேரைத் தாய்க் கம்பனிக்கு ஒன்பது, துணைக் கம்பனிக்கு ஒன்பது என்று பிரித்தால் இரண்டு பாதுகாப்பும் கேள்விக்குறியாகும். சீரமைப்பு என்ற பெயரில் இதைச் செய்யவேண்டாம்.

முதலீடு தாமதிக்கும்போது முதலில் கைவைக்கப்படுவது ஊழியர் சேமலாப நிதியில். சம்பளத்தில் 8 சதவீதம் கழித்து, கம்பனி 12 சதவீதம் சேர்த்து, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம் கட்டவேண்டும். மாதச் சம்பளத் தொகை 12 இலட்சமாக இருக்கும் கம்பனிக்கு இது 276,000 ரூபா. மூன்று மாதம் விட்டால் 828,000. அதற்கு மேல் தாமதத்துக்கேற்ப 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம். அந்த 8 சதவீதம் கம்பனியின் காசே இல்லை. முதலீட்டாளரின் கணக்காளர் முதலில் திறப்பதும் இந்தக் கோப்பைத்தான். நிலுவை கண்டால் விலையைக் குறைப்பார், அல்லது எழுந்து போய்விடுவார்.

சொத்துப் பட்டியலை எழுதத் தொடங்கினால்தான் இன்னொரு சிக்கல் தெரியவரும். குளத்து நீர்மட்டத்தை அளந்து விவசாயியின் தொலைபேசிக்கு அனுப்பும் கருவியைச் செய்யும் கம்பனியை எடுத்துக்கொள்ளுங்கள். அணைக்கட்டில் நட்ட ஒவ்வொரு கம்பத்திலும் உள்ள சிம் அட்டை யாருடைய அடையாள அட்டையில் எடுத்தது? இணைய முகவரி யாருடைய ஜிமெயிலில் பதிவானது? சேவையகக் கட்டணம் எவருடைய கடனட்டையில் மாதாமாதம் கழிகிறது? கூகுள் பிளே கணக்கு யார் கையில்? ஊழியர் வேலை நிமித்தம் எழுதிய மென்பொருள் நிரலின் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கம்பனிக்குரியது. ஆனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர் வளாகத்திலிருந்தோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலிருந்தோ சம்பளமின்றிப் பயிற்சிக்கு வந்த மாணவர் ஊழியரல்லர். அவர் எழுதிய பகுதிக்குக் கையொப்பமிட்ட உரிமை மாற்றப் பத்திரம் வேண்டும், அதற்கு நியாயமான கொடுப்பனவும் வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் செய்ததென்றால் பல்கலைக்கழகத்தையும் கேட்கவேண்டிவரலாம். இவற்றை இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். படிப்பு முடிந்து வெளிநாடு போனவரைத் தேடிக் கையொப்பம் வாங்குவது இலகுவல்ல.

காசு வருமா வராதா என்று தெரியாத காலத்தில், வாராவாரம் அடுத்த 13 வாரத்துக்கான காசுப்பாய்ச்சலை, அதாவது காசின் வரவையும் செலவையும், எழுதுங்கள். உறுதியாக வரும் வரவை மட்டும் போடுங்கள். முதலீடு கணக்கில் விழும்வரை அதற்கான இடத்தில் பூச்சியம்தான். தேறிய சொத்து (கடன்களைக் கழித்த சொத்து) கூறப்பட்ட மூலதனத்தின் (பங்குகளுக்காகக் கம்பனி பெற்ற தொகையின்) பாதிக்குக் கீழே போனதாகத் தெரியவந்தால், 20 வேலைநாட்களுக்குள் விசேட பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு விடுக்கவேண்டிய கடமை கம்பனிகள் சட்டத்தின் 220ஆம் பிரிவின்படி உங்களுடையது. ஊழியருக்கும் அதே வாரம் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள் லீசிங் கட்டுபவரும் வங்கியில் நகை அடகு வைத்தவரும் சம்பளம் பிந்தும் என்பதை முன்கூட்டியே அறிந்தால் ஏதோ ஒழுங்கு செய்வார்கள். இருபத்தைந்தாம் திகதி பின்னேரம் வாட்ஸ்அப்பில் சொன்னால் என்ன செய்வார்கள்?

கடைசியாக, பத்திரங்கள். ஆங்கிலத்தில் நாற்பது பக்கத்தை வெள்ளிக்கிழமை மாலை அனுப்பித் திங்கள் காலை கையொப்பம் கேட்காதீர்கள். தமிழில் நான்கு பக்கச் சுருக்கம், மேலே சொன்ன பங்கு அட்டவணை, கடைசி நாள், காசு வராவிட்டால் நடப்பது ஆகியவற்றை 14 நாள் முன்னதாகக் கொடுங்கள். ஊழியர் பங்குதாரர் தாங்களே தெரிவுசெய்யும் சட்டத்தரணிக்கு ஒருமுறை ஆலோசனைக் கட்டணத்தைக் கம்பனி கட்டட்டும். கையொப்பமிட மறுப்பவரை அதற்காக வேலையில் பழிவாங்கமாட்டோம் என்று சபைத் தீர்மானத்தில் எழுதி, அதன் பிரதியை ஒவ்வொருவருக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் கம்பனிச் செயலாளர், கணக்கு, மென்பொருள் வேலைகளைப் பார்த்துவரும் சிலர்
கிளிநொச்சி