உன் நூலகக் கட்டுரை பற்றி

அன்புள்ள கண்ணம்மா,

வரைவு வந்தது. விடுதி நூலகத்தை இரவு 10 மணிக்கு மேலும் திறந்து வைக்க விடுதிக் காப்பாளரைக் கேட்கிறாய், நியாயம்தான். ஆனால் ஈத்தோஸ் (பேசுபவர்மேல் வரும் நம்பிக்கை), பேத்தோஸ் (கேட்பவரின் உணர்ச்சி), லோகோஸ் (வாதம்) மூன்றுக்கும் தலைக்கு ஒரு பத்தி என்று பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறாயே! உங்கள் பாடக் குறிப்பு அப்படிச் சொல்லலாம், 'ரெட்டரிக்' என்ற பேச்சுக்கலை நூலில் அரிஸ்டாட்டில் சொல்லவில்லை.

'நான் மாணவர் மன்றச் செயலாளர்' என்ற தொடக்கத்தை எடுத்துவிடு. ஏற்கெனவே இருக்கும் பேரை அவர் ஈத்தோஸில் சேர்ப்பதே இல்லை. நம்பிக்கை பேச்சுக்குள்ளேயே பிறக்க வேண்டும். அதற்கு விவேகம், நற்குணம், கேட்பவர்மேல் நல்லெண்ணம் மூன்றும் தெரிய வேண்டும் என்கிறார். இரவுக் காவலருக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவைக் காப்பாளர் எழுப்புமுன் நீயே சொல்லிவிட்டால் மூன்றும் தெரிந்துவிடும்.

லோகோஸில்தான் வேலை அதிகம். மற்ற கல்லூரி உதாரணம் மூன்றை அடுக்கிவிட்டு, காரணத்தைக் கடைசியில் சொல்கிறாய். உதாரணத்தை முன்னால் வைத்தால் நிறைய வேண்டும். காரணத்துக்குப் பின்னால் வைத்தால் ஒன்றே சாட்சியாக நிற்கும் என்பது அவர் கணக்கு. அதனால் இரண்டை வெட்டு.

வாசகருக்குத் தெரிந்ததையும் விட்டுவிடு. டோரியஸ் என்ற வீரன் ஒலிம்பியாவில் வென்றான் என்றாலே போதும், பரிசு கிரீடம் என்று சேர்க்க வேண்டியதில்லை என்கிறார். 'கல்வி முக்கியம், கல்விக்கு நூல் தேவை' எல்லாம் அந்த ரகம்தான். ஆனால் இதில் ஒரு பள்ளம் உண்டு: நீ விடுவது வாசகர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். 10 மணிக்கு மேல் மாணவர்கள் படிக்கத்தான் வருவார்கள் என்பதைக் காப்பாளர் நம்பமாட்டார். நீயோ அதைச் சொல்லாமல் தாண்டிவிட்டாய். வாதம் உடைவது அங்கேதான். தேர்வு வாரத்தில் இரவு 9.30க்கு நிரம்பியிருக்கும் நாற்காலிகளை எண்ணி எழுது.

அடுத்தது, எண்ணிக்கை வரும் வாக்கியத்திலேயே 'ஏழை மாணவியரின் கண்ணீர்' வேண்டாம். நிரூபணமும் உணர்ச்சியும் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றையொன்று தள்ளிவிடும். அந்த நூலின் மூன்றாம் புத்தகத்திலேயே அரிஸ்டாட்டில் எச்சரித்திருக்கிறார். ஒருவருக்கு அநியாயமாக வரும் துன்பம், நமக்கோ நம்மவருக்கோ வரக்கூடியது, அருகில் தெரிவது, இதற்குத்தான் இரக்கம் எழும். கண்ணீரை நீக்கு. அறை விளக்கு அணைந்ததும் மாடிப்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து கணக்குப் போடும் ஒருத்தியைக் காட்டு. காப்பாளரும் தன் பெண்ணை விடுதியில் விட்டவர்தானே.

செலவுக் கணக்கை விடுதி அலுவலகத்தில் கேட்டு வாங்கின பிறகே முதல் பத்தியைத் தொடு.

அன்புடன்,
அம்மா