சின்னவளின் சம்பந்தம் பற்றி அம்மாவுக்கு

பாரிஸ்,
ஜனவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். போன் எடுத்தால் பக்கத்தில் பெரியம்மா நிற்பா. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே சரியான குளிர். பெரியண்ணா தந்த ஜாக்கெட் இருக்கிறது, கவலைப்படாதேங்கோ. ரெஸ்டோரண்டில் வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். அதுவும் நல்லதுதான், நாரிக்கு ஓய்வு. எங்கட ஆக்களின் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் முருங்கைக்காய், ஒடியல் மா எல்லாம் கிடைக்கிறது, விலைதான் கூட. நான் பெரும்பாலும் பாணும் சம்பலும். எனக்கு அது பிடிக்கும்தானே.

எதிர்வீட்டு மதாம் போன ஞாயிறு கூப்பிட்டா. ஜனவரியில் இங்கே 'கலெத்' என்று வாதுமை அரைத்து உள்ளே வைத்த ஒரு வட்டப் பலகாரம் சாப்பிடுவார்கள். அதற்குள் சின்னப் பீங்கான் பொம்மை ஒன்று ஒளித்திருக்கும். அது கிடைத்தவருக்குக் காகித முடி. எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்வதற்கு இருப்பவர்களில் இளையவர் மேசைக்குக் கீழே போக வேண்டும். இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான், ஆனாலும் மதாம் முறையை விடவில்லை. நான் கீழே குந்தியிருந்து, "இது உங்களுக்கு, இது எனக்கு" என்று சொன்னேன். பொம்மை எனக்குத்தான் வந்தது. முடியைக் கழற்ற விடாமல் ஒரு படமும் போட்டுக் காட்டினா.

'லா டெலிகாதேஸ்' என்று 2011இல் வந்த படம். தாவீத் ஃபொன்கினோஸ் தன் நாவலையே அண்ணனோடு சேர்ந்து எடுத்திருக்கிறார். நதாலி என்ற பெண்ணாக ஓட்ரே தோத்து. அன்பான புருஷன் ஓடப் போன இடத்தில் கார் அடித்துச் செத்துப்போகிறான். எனக்கு உடனே சின்னவளின் புருஷன், எங்கள் அத்தான், கண்டி வீதியில் போனதுதான் ஞாபகம் வந்தது. எழும்பிப் போய்விடலாமோ என்றிருந்தது. நதாலியும் எங்கள் சின்னவள் மாதிரியே வேலை வேலை என்று கிடக்கிறாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒருநாள் தன்னோடு வேலை செய்யும் மார்க்குஸை ஏனென்று தெரியாமலே முத்தமிடுகிறாள். அவன் சுவீடன்காரன், முடி கொட்டினவன், யாரும் திரும்பிப் பார்க்காத ஆள். கந்தோரில் எல்லோருக்கும் இளக்காரம். ஆனால் அவன் அவளை எதற்கும் நெருக்குவதில்லை. அவள் துக்கத்துக்கும் இடம் விட்டு நிற்கிறான். சிரிக்கிற இடங்களும் நிறைய. மதாம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. படத்துக்குப் பாட்டுப் போட்ட எமிலி சிமோனும் தன் துணையைப் பறிகொடுத்தவராம்.

கடைசியில் நதாலி தன் அம்மம்மா வீட்டுக்குப் போகிறாள். அந்தத் தோட்டத்தைக் கண்டதும், அம்மா, எனக்கு எங்கள் கிணற்றடி வந்துவிட்டது. வாழைக்குத் தண்ணி கட்டுகிற நேரத்து மண் மணம், நீங்கள் அடுப்படியிலிருந்து "சாப்பிட வா" என்று கூப்பிடுகிற சத்தம். மதாமுக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒருக்கா வந்து உங்கள் கையால் புட்டுச் சாப்பிட வேணும் போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னவளுக்குப் பேசுகிற சாவகச்சேரி வாத்தியார் மொட்டை, ஊமை மாதிரி என்று பெரியம்மா சொல்கிறா. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சின்னவளின் குட்டிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்த நாளிலிருந்து அவர் படலையில் நின்று சைக்கிள் மணி அடித்து, கூப்பிட்டால்தான் உள்ளே வருவார் என்று. அந்தக் குணம் போதாதா அம்மா? ஊர் நாலு நாள் கதைக்கும், பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சின்னவளுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது!

அவர் சீதனம் கேட்கவில்லை என்றாலும், அத்தானின் காணியைக் குட்டியின் பெயருக்கு எழுதிவிடுங்கள். சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு நொத்தாரிசிடம் போங்கள். அடகில் இருக்கும் சங்கிலியை விற்க வேண்டாம். மாசியில் எனக்குச் சீட்டு விழும், சித்திரைக்கு முன் மீட்கலாம். அதுவரை வட்டியை மட்டும் கட்டுங்கள், இந்த மாதம் அனுப்புவது கொஞ்சம் குறையும். பெரியம்மாவோடு கொளுவ வேண்டாம், அவவுக்கு நான் தனியாக எழுதுகிறேன். ஞாயிறு பின்னேரம் போன் எடுப்பேன். வேறு யாரும் பக்கத்தில் நிற்காமல் சின்னவளிடம் கொடுங்கள். அவள் விருப்பத்தை அவள் வாயாலேயே கேட்க வேண்டும்.

அன்பு மகன்