கோதுமையில்லாத என் தட்டுக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பின் எதிர்ப்பு சக்தி என் சிறுகுடலையே தாக்கும். பேச்சுக்கு 'கோதுமை ஒத்துக்காது' என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இது அலர்ஜி இல்லை, வெறும் அஜீரணமும் இல்லை. ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. அவர்களில் பலருக்கு இருப்பதே தெரியாது. எனக்குத் தெரியவந்தது உங்களால்தான்.

முதல் நன்றி டாக்டருக்கு. வயிறு உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, நாலு படி ஏறினால் மூச்சுவாங்கும் சோர்வு, இதுதான் நான் கொண்டுவந்த பட்டியல். இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. அதற்குமுன் பார்த்தவர்கள் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். நீங்கள்தான் "போடுற இரும்பெல்லாம் எங்கே போகுது?" என்று கேட்டீர்கள். சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளை மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து, அவை தேய்ந்து தட்டையாகிவிட்டால் என்ன சாப்பிட்டாலும் சத்து சரியாகச் சேராது என்று விளக்கினீர்கள்.

அதைவிடப் பெரிய உதவி, அன்று என்னைத் தடுத்ததுதான். "அப்படியானால் இன்றிலிருந்தே கோதுமையை விட்டுவிடட்டுமா?" என்று கேட்டேன். கூடாது என்றீர்கள். சோதனைகள் முடியும்வரை வழக்கம்போல் சாப்பிட்டாக வேண்டும். முன்கூட்டியே நிறுத்தினால், இந்த நோயில் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். ரத்தச் சோதனையிலும் டிடிஜி என்ற அந்த எதிர்ப்பொருளோடு, ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் சேர்த்து எழுதினீர்கள். ஐஜிஏ இயல்பிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு டிடிஜி சோதனை பொய்யாக நார்மல் காட்டக்கூடும் என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். அப்புறம் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, அங்கிருந்து சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி. அந்த அறையில் என் கையை விடாமல் பிடித்திருந்த நர்ஸ் அக்காவுக்கு ஒரு தனி நன்றி.

இதை வாசிக்கும் யாருக்காவது இப்படிச் சந்தேகம் இருந்தால், முதலில் சோதனை, அப்புறம் பத்தியம். கோதுமையை விட்டபின் உடம்பு லேசானது என்று பலர் சொல்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் விட்டால், எலும்பின் வலுவைப் பார்க்க வேண்டுமா, வீட்டில் மற்றவர்களுக்கும் சோதனை தேவையா என்று யாரும் யோசிக்கமாட்டார்கள்.

அடுத்து உணவு ஆலோசகர். விலக்க வேண்டியவற்றின் பட்டியலோடு வருவீர்கள் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சாப்பிடக்கூடியதிலிருந்து தொடங்கினீர்கள்: அரிசி, சோளம், பருப்பு, காய், பழம், முட்டை, மீன், இறைச்சி. பாலை மட்டும் கொஞ்ச காலம் குறைக்கச் சொன்னீர்கள். பால் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் நொதி அந்தக் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் இருக்கிறதாம், குடல் ஆறியதும் பாலும் திரும்பி வரும் என்றீர்கள். வந்துவிட்டது! 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட பிஸ்கட்டும் பிஸ்கட்தான், அதிலும் சர்க்கரை இருக்கிறது என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னதையும் மறக்கவில்லை.

சோயா சாஸில் கோதுமை, மால்ட்டில் பார்லி என்று லேபிள் படிக்கக் கற்றுக்கொடுத்தவரும் நீங்கள்தான். மாத்திரைகளில் சேர்க்கும் மாவுப்பொருள் எதிலிருந்து வந்தது என்று முகம் சுளிக்காமல் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சொன்ன மருந்துக்கடைக்காரருக்கும் நன்றி.

வீட்டாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எனக்கென்று தனி சல்லடை, தனி மரக்கரண்டி, தனி டோஸ்டர் வந்தன. கோதுமைப் பண்டம் பொரித்த எண்ணெயில் என்னுடையதைப் பொரிப்பதில்லை. கொஞ்சம் துகள் பட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்ட உறவினர்களிடம், நான் வாயைத் திறப்பதற்குமுன் அம்மாதான் பதில் சொன்னார். குளூட்டன் இல்லாதது என்று சொல்ல வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது சர்வதேசத் தரம். அந்தக் கணக்கு இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

நான் பார்த்தே இராத ஒருவரையும் சேர்த்துக்கொள்கிறேன். நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1930களிலேயே இந்த நோய்க்குக் கோதுமை காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, அதில்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நாடே ரொட்டி கிடைக்காமல் தவித்தபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். 1950இல் அவர் தன் ஆய்வேட்டை வெளியிட்டார். இந்த நோய்க்கு இன்றைக்கும் சிகிச்சை குளூட்டன் இல்லாத சாப்பாடுதான், அதுவும் வாழ்நாள் முழுக்க.

சோர்வு சில வாரங்களில் விலகத் தொடங்கியது. ஹீமோகுளோபின் மெதுவாக ஏறியது. எதிர்ப்பொருள் இன்னும் முழுசாக இறங்கவில்லை. பெரியவர்களுக்குக் குடல் ஆற ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம் என்கிறார் டாக்டர், சரி, ஆகட்டும்.

அலுவலக நண்பர்களே, பிறந்தநாள் கேக் வரும்போதெல்லாம் எனக்கென்று பழத்தட்டு ஒன்றைத் தனியாக மூடி வைக்கிறீர்கள். கேக் வெட்டிய கத்தி அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்வது யாரென்று எனக்குத் தெரியும். அவருக்குக் கூடுதலாக ஒரு நன்றி.

கடைசியாக என் தங்கைக்கு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று சொன்னதும், எந்தத் தொந்தரவும் இல்லாமலே ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. வந்ததும் உங்களுக்கும் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்