"கெடுத்துட்டாம்பா" என்ற லைப்ரரி அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

2019-ல் தண்டையார்பேட்டையில் 'அசுரன்' பார்த்துவிட்டு ராயபுரம் வரை நடந்தே வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கல்மண்டபம் வரும்வரை நீங்கள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்: "வெக்கையைக் கெடுத்துட்டாம்பா." விசிலடித்துத் தொண்டை கட்டியிருந்ததால் அன்றைக்கு நான் பதில் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

வெற்றிமாறன் அந்தப் படத்துக்கு எடுத்துக்கொண்ட பூமணியின் 'வெக்கை' நாவலைப் போன வாரம் மறுபடி எடுத்தேன். (உங்கள் லைப்ரரி முத்திரை குத்திய அதே பிரதிதான். தயவுசெய்து வாடகைக் கணக்குப் போடாதீர்கள்.) தொடக்கத்திலேயே கொலை முடிந்துவிடுகிறது. கையை வெட்டத்தான் போகிறான் பையன், ஆளே செத்துப்போகிறான். அப்புறம் அப்பாவும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். பொங்கித் தின்கிறார்கள், படுக்க இடம் பார்க்கிறார்கள், பழங்கதை பேசுகிறார்கள். பதினைந்து வயசுப் பையனை ஒட்டியே நாவல் நடக்கிறது.

படத்தில் வரும் அப்பாவின் இளமைக் காலம், தலையில் செருப்பைச் சுமந்து நடக்கும் பெண், குடிசைத் தீ, எதுவுமே நாவலில் கிடையாது. "எல்லாம் தனுஷுக்காகச் சேர்த்தது" என்றீர்கள். இருக்கலாம். ஆனால் சேர்த்தது எனக்கு உறுத்தவில்லை. அந்த மனுஷன் ஏன் அவ்வளவு தூரம் தலை குனிந்து போகிறான் என்று தியேட்டரில் இருப்பவனுக்குப் புரிய வேண்டுமே.

எனக்கு உறுத்துவது வேறு. அப்பா வேல்கம்பைத் தூக்கியதும், கொலை செய்த பையனே வேடிக்கை பார்க்கிறவனாகிவிடுகிறான். அவனுடைய கதை கைமாறிப் போய்விட்டது. நம்ம ஏரியாவைப் படத்தில் காட்டினால் கத்தியும் கேரம் போர்டும்தானா, விடியற்காலையில் தண்ணிக் குடத்தோடு நிற்கிறவர்கள் எங்கே என்று கேட்பீர்களே, அதே கோபம்தான் எனக்கும்.

நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் 'முள்ளும் மலரும்' மட்டும் என்ன? உமாசந்திரன் நாவலில் கதாநாயகன் காளியின் கையைப் பறிப்பது புலி. 1978-ல் படமாக எடுத்த மகேந்திரன் அதை லாரியாக்கினார். புலி போனதற்கு நீங்கள் ஒரு நாளாவது வருத்தப்பட்டதுண்டா? எனக்கும் வருத்தமில்லை. கை எப்படிப் போனாலும் கதை காளியுடையதாகவே இருக்கிறது, அந்த வீம்பும் தங்கச்சிப் பாசமும் அப்படியே நிற்கின்றன.

அதனால் உங்கள் தீர்ப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுகிறேன். கெடுக்கவில்லை அண்ணா, பையனை ஓரங்கட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்க வருவேன். வெக்கையையும் கொண்டுவருகிறேன். மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' இருந்தால் எடுத்து வையுங்கள். அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' படத்தின் பின்பாதி அதில் இல்லை என்கிறார்கள். படித்துவிட்டு அடுத்த சண்டையை ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
வாடகை பாக்கித் தம்பி