அம்மா சொன்னது சரிதான்

அன்புள்ள செல்வி,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டித் தீர்த்துவிட்டு மேலே படி. 2 வருடமாக எட்டிப் பார்க்காத வலிப்பு போன மாதம் மூன்று முறை வந்துவிட்டது. இப்போது பரவாயில்லை.

ரத்தப்போக்கு அதிகம் என்று ஒருவர் ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுத்தார். வலிப்புக்கு லாமோட்ரிஜின் சாப்பிடுகிறேன் என்றேன். தலையாட்டினார், அவ்வளவுதான். அந்த ஹார்மோன் மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன், லாமோட்ரிஜினைக் கல்லீரல் சீக்கிரமே கழித்துவிடும்படி செய்துவிடுமாம். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக்கூடக் குறையும். நானோ ஒரு வேளை தவறாமல் விழுங்கிவிட்டு, நம் பத்மா மாதிரி ‘நான் ரொம்ப ஒழுங்கு’ என்று திரிந்திருக்கிறேன்!

புது நரம்பியல் மருத்துவரிடம் பழைய டைரிகளைக் கொண்டுபோனேன். நீ கேலி செய்த அதே சிவப்பு மை டைரிகள்தான். அவர் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். மாதவிலக்குத் தொடங்கும் நாளுக்கு 3 நாள் முன்னும் பின்னுமாகத்தான் பெரும்பாலான வலிப்புகள் வந்திருக்கின்றன. புரோஜெஸ்டிரான் என்ற பெண் ஹார்மோனிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் மூளையின் நரம்புகளை அடக்கி வைக்கும். மாதவிலக்குக்கு முன் புரோஜெஸ்டிரான் மளமளவென்று இறங்கும்போது அந்தக் கடிவாளமும் தளர்கிறது. ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் தூண்டிவிடும் கட்சி. அதனால் சிலருக்குக் கருமுட்டை வெளியாகும் நாட்களிலும் வருமாம்.

அம்மா இதை என் 16 வயதிலேயே சொன்னாள். ‘இதற்கும் அதற்கும் என்னம்மா சம்பந்தம்’ என்று மருத்துவர்கள் அனுப்பிவிட்டார்கள். அவள் இருந்திருந்தால் அந்த டைரியோடு முதலில் அவளிடம்தான் ஓடியிருப்பேன்.

வேடிக்கை கேள். விக்டோரியா ராணிக்குப் பிரசவம் பார்த்த சார்லஸ் லோகாக், 1857லேயே மாதவிலக்கோடு வரும் வலிப்புக்கு புரோமைடு கொடுத்திருக்கிறார். காம இச்சையை அடக்கினால் வலிப்பும் அடங்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பு, மருந்து மட்டும் வேலை செய்திருக்கிறது. மனுஷனுக்கு அதிர்ஷ்டம்தான்.

சரி, எழுத உட்கார்ந்ததே உன் அண்ணன் மகளுக்காக. கல்யாணமாகி ஒரு மாதம்தானே ஆகிறது? குழந்தை இப்போது வேண்டாம் என்று மாத்திரை போடுகிறாள் என்றாயே. வலிப்புக்கு அவள் சாப்பிடுவது கார்பமஸெபின் என்றால் கதை தலைகீழ்: அது கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். பயந்துபோய் எதையும் தானாக நிறுத்திவிடப் போகிறாள், அதுதான் இன்னும் ஆபத்து. மருத்துவரிடம் இரண்டு மாத்திரையையும் சேர்த்துக் காட்டச் சொல். மருந்துச் சீட்டைப் பார்த்துப் பெயரை எனக்கும் எழுது.

உன்
வசந்தி