கேலிபரேஷன் செய்யாமலே பில்லில் ஏறிய கேலிபரேஷன்: புகார் கடிதம்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கார் நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: விபத்துப் பழுதுக்குப் பிறகு அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் பாதுகாப்பு வசதி) கேமராவையும் ரேடாரையும் கேலிபரேட் செய்யாமல் (பார்க்கும் கோணத்தை அளந்து சரிசெய்யாமல்) கார் டெலிவரி கொடுத்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

சென்னையில் உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் ஒன்றில் என் காரை விபத்துப் பழுதுக்கு விட்டிருந்தேன். திண்டிவனம் பக்கம் முன்னால் போன லாரியிலிருந்து சவுக்குக் கட்டை சரிந்து விழுந்து, முன் கண்ணாடியும் முன் பம்பரும் உடைந்துபோயின. இரண்டையும் புதிதாக மாற்றித் தந்தார்கள். பெயின்ட் வேலையில் ஒரு குறையும் இல்லை. என் புகார் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவையும் பம்பருக்குப் பின்னால் இருக்கும் ரேடாரையும் பற்றியது.

டெலிவரி எடுத்த பிறகு குடும்பத்தோடு விழுப்புரம் கிளம்பினோம். மதுராந்தகம் தாண்டி, சாலைக்குக் குறுக்கே உயரத்தில் நிற்கும் பச்சைப் பெயர்ப் பலகையை நெருங்கும்போது, டேஷ்போர்டில் சிவப்பு எச்சரிக்கை மின்னியது. நான் காலை வைக்காமலே வண்டி பிரேக் பிடித்தது. எங்கள் லேனில் முன்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை. பின் சீட்டில் இருந்த அம்மாவை சீட் பெல்ட்தான் தாங்கிப் பிடித்தது. பின்னால் வந்த ஆம்னி பஸ் டிரைவர் சட்டென்று வலது பக்கம் ஒடித்ததால் தப்பினோம். அவருக்கு நன்றி சொல்லக்கூட முடியவில்லை. டேஷ்கேம் பதிவை இணைத்திருக்கிறேன், தயவுசெய்து பாருங்கள்.

அன்றைக்கே இன்னொன்றையும் கவனித்தேன். லேனின் நடுவில் நேராகப் போகும்போதே, வண்டியை லேனுக்குள் வைத்திருக்க உதவும் லேன் அசிஸ்ட் ஸ்டீயரிங்கை மீடியன் பக்கம் இழுக்கிறது. எதிர்த்துப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. விபத்துக்கு முன்பு இதே சாலையில், இதே பலகைக்கு அடியில், இந்த வண்டி ஒருமுறைகூட இப்படி நடந்துகொண்டதில்லை.

சர்வீஸ் சென்டருக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன். அட்வைசர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "எரர் எதுவும் காட்டலையே சார், நம்ம ரோட்டுல கோடு ஒழுங்கா இருந்தாத்தானே?" என்றார். எனக்குக் கிடைத்த மொத்தப் பதிலும் இதுதான். இதை நான் ஏற்கவில்லை.

ஸ்கேனரில் எரர் இல்லை என்றால் கேமராவுக்குக் கரன்ட் போகிறது, கம்ப்யூட்டரோடு பேசுகிறது என்றுதான் அர்த்தம். அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது வேறு கேள்வி. முள் ஆடுகிறது என்பதற்காகத் தராசு சரியாக நிறுக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கேமரா இடமாகவோ வலமாகவோ 1 டிகிரி திரும்பியிருந்தால், 100 மீட்டர் தூரத்தில் அதன் பார்வை சுமார் 1.75 மீட்டர் விலகிவிடும். நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். அதாவது பாதி லேன்! பக்கத்து லேனில் போகிற வண்டியை நம் எதிரில் நிற்பதாக நினைத்துக்கொள்ளலாம், நம் எதிரில் நிற்பதைக் கவனிக்காமலும் விடலாம். ரேடார் மேல் நோக்கிச் சாய்ந்திருந்தால் தலைக்கு மேல் இருக்கும் பலகையும் பாலமும் அதற்குத் தடையாகத் தெரியலாம். எனக்கு நடந்தது இதுதான் என்று சந்தேகப்படுகிறேன்.

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. பில்லில் புது பம்பருக்கு விலை போட்டிருக்கிறார்கள். ரேடாரைத் தாங்கும் பிராக்கெட் பில்லில் எங்குமே இல்லை. கேட்டபோது, "லேசாத்தான் வளைஞ்சிருந்துச்சு, நிமித்திப் போட்டுட்டோம்" என்று மெக்கானிக் வெள்ளந்தியாகச் சொன்னார். கையால் நிமிர்த்திய தகட்டின் மேல் ஒரு ரேடாரை மாட்டிவிட்டு, கோணத்தை அளக்காமல் எப்படி அனுப்பினீர்கள்? கண்ணாடிக்கு உள்பக்கம், ரியர்வியூ மிரருக்கு மேலே கேமராவை மூடும் பிளாஸ்டிக் கவரும் ஒரு ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் பில்லில் "அடாஸ் கேலிபரேஷன்" என்று ஒரு வரி போட்டு, ஜிஎஸ்டியோடு பணம் வாங்கியிருக்கிறார்கள். எந்த இடத்தில் செய்தீர்கள் என்று கேட்டேன். காட்டிய இடம் வாட்டர் வாஷுக்குப் போகும் சரிவு. முன்னும் பின்னும் வண்டிகள். கேலிபரேட் செய்ய வண்டிக்கு முன்னால் வைக்கும் டார்கெட் பலகையைக் காட்டச் சொன்னேன். ஸ்டோர் ரூமில் பழைய டயர்களுக்குப் பின்னால், வந்த கவர்கூடப் பிரிக்காமல் சாத்தி வைத்திருந்தார்கள்.

இந்த வேலைக்கு என்னென்ன வேண்டும் என்பது எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சமமான தரை, சரியான டயர் காற்று, முதலில் வீல் அலைன்மென்ட், வண்டியின் மையக்கோட்டிலிருந்து அளந்து வைத்த பலகை. பலகை இல்லாமல் சாலையில் ஓட்டியே கேலிபரேட் செய்யும் மாடல்களும் உண்டு. அப்படியென்றால் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு, கோடு தெளிவாக உள்ள சாலையில், குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டியிருக்க வேண்டும். நான் வண்டியை விட்டபோது இருந்த கிலோமீட்டருக்கும் எடுத்தபோது இருந்ததற்கும் வித்தியாசமே இல்லை. இரண்டு முறைகளில் எதையும் செய்யவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? முன் கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி கேலிபரேட் செய்தே ஆக வேண்டும் என்று நீங்கள் எனக்குக் கொடுத்த கையேடே சொல்கிறது.

விளம்பரத்தில் இந்த வசதியைக் காட்டித்தான் உங்கள் டாப் மாடலை விற்றீர்கள். குடும்பத்தின் பாதுகாப்புக்காக என்று நம்பித்தான் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினேன். இப்போது அதே வசதிக்குப் பயந்து ஓட்டுகிறேன். ஆஃப் செய்து வைத்தாலும் ஆட்டோ பிரேக் அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. ஆகவே வண்டியை வெளியே எடுப்பதையே நிறுத்திவிட்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். ரேடார் பிராக்கெட்டைப் புதிதாக மாற்றி, கேமரா சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்து, முறையான வசதியுள்ள உங்கள் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டையும் கேலிபரேட் செய்து தாருங்கள். வண்டியை நான் ஓட்டி வரமாட்டேன், வண்டியை ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் லாரி அனுப்புங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் தேதி, நேரம், கிலோமீட்டரோடு என் கையில் வர வேண்டும். செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இதே சர்வீஸ் சென்டரில் கண்ணாடியோ பம்பரோ மாற்றிக்கொண்டு போனவர்களைக் கூப்பிட்டு அவர்கள் வண்டிகளையும் சோதியுங்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பின்னால் வரும் பஸ் டிரைவர் ஒவ்வொரு முறையும் சுதாரிப்பார் என்று இருந்துவிட முடியாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். சர்வீஸ் சென்டரோடு உங்கள் நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பேன்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்

இணைப்பு: பில், ஜாப் கார்டு நகல்கள், கையேட்டின் உரிய பக்கம், கேமரா கவரின் படங்கள், டேஷ்கேம் பதிவு.